கத்தி போகிற சந்து

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகள் என்னிடம் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான். எந்த மிஷின் ரொம்பத் தொல்லை கொடுத்தது, எந்தப் பழுது கடைசிவரை பிடிபடவில்லை, அதை எப்படிச் சரிக்கட்டினீர்கள். தையல் மிஷினில் பிடிபடாத பழுது என்று ஒன்றும் கிடையாது. எண்ணெய், ஊசி, நூல், திருகு, இந்த நாலுக்குள் எல்லாம் அடக்கம். ஒழுங்காக ஒரு வருஷம் உட்கார்ந்தால் எந்த மடையனுக்கும் வந்துவிடும். எனக்கே வந்தது, அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

வராதது வேறொன்று. நாம் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து, 'மிஷின் நல்லா இருக்கு' என்று சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. எதிரே நிற்கிறவர் யாராக இருந்தாலும் நம் சொல்லை எடுத்துக்கொண்டு போய்விடுவார். திருப்புளியைப் பிடிக்கிற அன்றைக்கே இந்த அதிகாரமும் கைக்கு வந்துவிடுகிறது. அதை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. நான் அதை ஒரு தடவை கேவலமாகப் பிடித்தேன். பெருமைக்கு எழுத என்னிடம் சங்கதி நிறைய உண்டு, அதையெல்லாம் டீக்கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். இது மட்டும் எழுத்தில் இருக்கட்டும்.

மொழிவாரியாக மாநிலம் பிரிக்கிற பேச்சு ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்த வருஷம். எனக்கு இருபத்திமூன்று வயது. போடியில் தையல் மிஷின் விற்று, பழுதும் பார்க்கிற ஒரு கடையில் வேலை. மெயின் மெக்கானிக் நான்தான், ஏனென்றால் வேறு மெக்கானிக் கிடையாது. மலையில் இருந்த வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அப்படிக் கிளம்பின ஒரு வீட்டில் ஏலம் எடுத்தபோது என் முதலாளிக்கு பொத்தான் ஓட்டைக்குத் தையல் போடுகிற காஜா அட்டாச்மெண்டு மூன்று கிடைத்தது. பச்சை வெல்வெட்டுப் பெட்டிக்குள், உள்ளங்கை அளவில், நிக்கல் பூச்சு மின்ன இருந்தன. வயது என்னமோ என்னைவிடக் கூட.

நீங்கள் இன்றைக்குக் காஜாவுக்கென்றே தனி மிஷின் வைத்திருக்கிறீர்கள், அதனால் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். துணியை அமுக்கிப் பிடிக்கும் பாதத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதை மாட்ட வேண்டும். ஊசி ஏறி இறங்க, இது துணியைக் கவ்வி இடமும் வலமுமாக அசைக்கும். ஒரு வரிசை தைத்துக்கொண்டு போய், வளைந்து, மறு வரிசை திரும்பி வரும். இரண்டு வரிசைக்கும் நடுவே நூல் படாத ஒரு மெல்லிய சந்து விடும். கத்தி போகிற சந்து அது. அதன் அகலத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சின்னத் திருகு உண்டு.

கையால் காஜா போடுகிறவர்கள் முதலில் துணியை வெட்டிவிட்டுப் பிறகு ஓரத்தை நூலால் கட்டுவார்கள். இதில் நேர் எதிர். முதலில் தையல், பிறகுதான் வெட்டு. கைக்காஜாவில் பழகினவர்கள் இதில் தடுமாறுவார்கள் என்று தொழிலில் எல்லோருக்கும் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சு பாதி நிஜம். அந்தப் பாதி நிஜத்தைத்தான் நான் பின்னால் எடுத்து உபயோகித்தேன்.

போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலக்காய்த் தோட்டம். அங்கே சின்னச்சாமி என்று ஒரு தையல்காரர், தோட்டத்து வாட்சர்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் காக்கிக் கோட்டு தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த வேலைக்காக அவருக்கு லயனில், அதாவது தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீட்டில், ஒரு அறை கொடுத்திருந்தார்கள். மலைக்காய்ச்சல் வந்து வந்து மனுஷனுக்கு வயிற்றில் கட்டி விழுந்துவிட்டது. எழுந்து உட்காரவே ஆள் வேண்டும். வேலை செய்யாதவனுக்கு லயனில் இடம் கிடையாது என்பது தோட்டத்துச் சட்டம். அவர் பெண்சாதி பேச்சியம்மாள், சிலமலைக்காரி, முப்பது வயது இருக்கும், நேரே மேனேஜரிடம் போய் நின்று, இந்த வருஷக் கோட்டை நான் தைத்துத் தருகிறேன் என்று கேட்டுவிட்டாள். சரியாக வந்தால் அறை அவர்களுக்கு, இல்லையென்றால் காலி செய்ய வேண்டும். நாற்பது கோட்டு. ஆடி பிறந்து பத்து நாளைக்குள் முடிய வேண்டும்.

அவளுக்குத் தையல் தெரியும். புருஷனுக்குக் காஜா போட்டுக் கொடுத்தவளே அவள்தான். ஆனால் ஒற்றை ஆளாக வெட்டி, தைத்து, நாற்பது கோட்டுக்கும் கையால் காஜா போடுவதென்றால் நடக்கிற காரியமா? கடைக்கு வந்து கேட்டாள். நான்தான் வெல்வெட்டுப் பெட்டியைத் திறந்து காட்டினேன். கையால் ஒன்று போடுகிற நேரத்தில் இதில் பத்துப் போடலாம் என்று நான்தான் சொன்னேன். காதில் கிடந்த தோட்டை அடகு வைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

மாட்டிக் கொடுக்க லோடு ஏற்றப் போகிற லாரியில் மேலே போனேன். மிஷின் அவர்கள் அறையிலேயே இருந்தது. பழைய கறுப்பு மிஷின், கால் மிதி. பக்கத்தில் கம்பளிக்குள் சின்னச்சாமி. அட்டாச்மெண்டை மாட்டிச் சந்துத் திருகை முடுக்கினேன், அது நிற்கவில்லை. உள்ளே மரை தேய்ந்து போயிருந்தது. இரண்டு சுற்றுச் சுற்றினால் வழுக்கி விடும். நியாயமாக நான் என்ன செய்திருக்க வேண்டும்? கழற்றி எடுத்துக்கொண்டு இறங்கி, மதுரைக்கு அனுப்பிப் புதுத் திருகு கடைந்து வாங்கியிருக்க வேண்டும். இல்லை, பெட்டியில் மீதி இருந்த இரண்டில் ஒன்றைக் கொடுத்திருக்க வேண்டும். ஒரு வாரம் போயிருக்கும், அவ்வளவுதான்.

வெளியே லாரிக்காரர் ஆரன் அடித்துக்கொண்டே இருந்தார். மழை வேறு. அதை விட்டால் மறு லாரி இரண்டு நாள் கழித்து. சிகரெட்டுப் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாளில் ஒரு கீற்றுக் கிழித்தேன். திருகின் மரையில் சுற்றி இறுக்கினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய வேட்டித் துண்டு ஒன்றில் ஒரு காஜா போட்டுக் காட்டினேன். முத்து முத்தாக விழுந்தது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, காக்கில ஒண்ணு போட்டுப் பாப்பமா? அது மொத்தமால்ல இருக்கும்?" என்று கேட்டாள்.

துணி எதுவானால் என்ன அக்கா, மிஷினுக்கு எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு லாரிக்கு ஓடினேன். ஓடுவதற்கு முன்னால் வெட்டுகிற முறையைச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு முனையிலும் குண்டூசி குத்தி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக பிளேடை இழுக்க வேண்டும். என் கண் முன்னால் ஒன்று வெட்டிக் காட்டினாள். ஒரு நூல் கூட அறவில்லை. நான் வெட்டினதைவிடச் சுத்தமாக இருந்தது. ஈயத்தாளைப் பற்றி மட்டும் அவளிடம் மூச்சு விடவில்லை.

காக்கி டிரில் துணியை மடித்து, உள்ளே பட்டியும் வைத்தால் மூன்று மடிப்பு. ஊசி அதைக் குத்தி ஏறும்போது அட்டாச்மெண்டு முழுக்க அதிரும். வேட்டித் துண்டில் அந்த அதிர்ச்சி கிடையாது. இருநூறு காஜா போடுவதற்குள் ஈயத்தாள் நைந்து, திருகு இம்மி இம்மியாக இளகியிருக்கிறது. சந்து குறுகிக்கொண்டே வந்திருக்கிறது. கடைசியில் இரண்டு வரிசையும் ஒட்டிக்கொண்டன. கத்தி போக இடமே இல்லை. எவ்வளவு பக்குவமாக வெட்டினாலும் பிளேடு நூலைத்தான் அறுக்கும். பார்க்கிறவனுக்கு அது வெட்டின கையின் குற்றமாகத்தான் தெரியும்.

ஆடி பத்துக்கு மேனேஜர் ஒரு கோட்டைப் போட்டுப் பார்த்திருக்கிறார். இரண்டு தடவை பொத்தானைப் போட்டுக் கழற்றினதும் காஜா பிரிந்து நூல் தொங்கியிருக்கிறது. மறுநாள் கடைக்கு ஆள் வந்தது. கிளம்பும்போது முதலாளி என்னைக் கூப்பிட்டு, இன்னும் ரெண்டு அட்டாச்மெண்டு கண்ணாடிப் பெட்டியில் கிடக்கிறது, பார்த்துப் பேசிவிட்டு வா என்றார்.  பொய் சொல் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை, தம்பிகளே. அப்படிச் சொல்லியிருந்தால் இன்றைக்கு அவர் தலையில் பாதியையாவது போட்டிருப்பேன்.

தோட்டத்து ஆபீஸ் வராந்தாவில் மிஷினைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். பக்கத்தில் கோட்டுகள் குவியலாகக் கிடந்தன. மேனேஜர் உள்ளே போய்விட்டார். ரைட்டர்தான் இருந்தார், தோட்டத்துக் கணக்கும் ஆள் விவகாரமும் பார்க்கிற மலையாளத்துக்காரர். கெட்ட மனுஷன் இல்லை. இரண்டு சூப்பர்வைசர்கள் தூணில் சாய்ந்து நின்றார்கள். பேச்சியம்மாள் மிஷின் குற்றம் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம் என்று அவர்களில் ஒருவர் சிரித்தது நான் படியேறும்போதே கேட்டது. அவள் மிஷினுக்கு எதிரே, ஐந்தடி தள்ளி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள்.

ரைட்டர் எனக்கு நாற்காலி போடச் சொன்னார். "மேஸ்திரி, நிங்க பறஞ்சா மதி. மிஷின் கேடுன்னா மேனேஜர்ட்ட பேசி இன்னும் பத்து நாள் நான் வாங்கித் தரும். கைக்கேடுன்னா, எனக்கு வேற வழியில்ல. ரூம் ஒழியணும்."

நான் சொன்னால் போதுமாம். இருபத்திமூன்று வயதுப் பயலைப் பார்த்து அந்த மனுஷன் மேஸ்திரி என்கிறார், நீங்க என்கிறார்.

உட்கார்ந்து அட்டாச்மெண்டின் அடியில் விரலை விட்டேன். பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. திருகு தொளதொளவென்று ஆடியது. எண்ணெயில் ஊறின ஈயத்தாள் துணுக்கு விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.  அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்று இத்தனை வருஷமாக யோசித்துப் பார்க்கிறேன். நினைக்கவே இல்லை என்பதுதான் நிஜம். என் கை தானாகவே வேலை செய்தது. துணுக்கை நசுக்கித் திருகின் மரையில் திணித்து, பெருவிரல் நகத்தால் மூன்று சுற்று முடுக்கினேன். முடுக்கிக்கொண்டே ரைட்டரிடம் மலையில் மழை எப்படி என்று விசாரித்தேன்.

அப்புறம் ஒரு காக்கித் துண்டு கேட்டு வாங்கினேன். அன்றைக்கு அவள் காக்கியில் போட்டுப் பார்க்கச் சொன்னபோது போட்டுப் பார்க்காதவன், இன்றைக்குக் கேட்டு வாங்கினேன். ஒரு காஜா போட்டேன். வரிசை இரண்டும் ஒழுங்காகப் பிரிந்து நடுவில் சந்து தெளிவாகத் தெரிந்தது. வெட்டிக் காட்டினேன். ஒரு நூல் அறவில்லை. ஒரு காஜாவுக்குத் திருகு நிற்கும் என்பது எனக்குத் தெரியும். இருபதுக்கு நிற்காது என்பதும் தெரியும்.

ரைட்டர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அப்போ மிஷின்ல?"

"மிஷின்ல ஒண்ணும் இல்லங்க" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கைக்காஜா போட்டுப் பழகினவுகளுக்கு வெட்டு ஓரமாப் போயிரும். எல்லா ஊர்லயும் நடக்குறதுதான்."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். எல்லோருக்கும் ஏற்கனவே தெரிந்த சங்கதி அல்லவா? ரைட்டர், கஷ்டந்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு உள்ளே போனார். நான் நிமிர்ந்தபோது பேச்சியம்மாள் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குனிந்து குவியலில் இருந்த கோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, உதறி, கையை உள்ளே மடித்து அடுக்க ஆரம்பித்தாள்.

அன்றைக்கு லாரியில் இறங்கி வந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன். தூக்கமும் வந்தது. முதலாளி ஒரு வார்த்தை கேட்டார், ஒரு வார்த்தை சொன்னேன், அத்தோடு முடிந்தது. மனசாட்சி உறுத்தி விடிய விடிய விழித்திருந்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். அது நடக்கவில்லை. தப்பித்தேன் என்கிற சந்தோஷம்தான் இருந்தது. கெட்ட காரியம் செய்த அன்றைக்குச் சோறு இறங்காது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

ஐந்தாம் நாள் அவர்களை லயனிலிருந்து இறக்கிவிட்டார்கள். மெட்டுப் பாதையில் மண் சரிந்து லாரி, ஜீப்பு எதுவும் ஓடவில்லை. சின்னச்சாமியைக் கம்பளியில் கட்டிக் கம்பில் கோத்து, இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஒற்றையடிப் பாதை வழியாக இறங்கியிருக்கிறார்கள். பின்னால் அவள் பாத்திரமும் துணியுமாக நனைந்துகொண்டே வந்திருக்கிறாள். மிஷினைத் தூக்க ஆள் இல்லாமல் அங்கேயே விட்டுவிட்டாள். முந்தல் அடிவாரத்துக்கு வந்து கம்பளியை இறக்கி வைத்து, கஞ்சித் தண்ணி கொடுக்கலாம் என்று அவிழ்த்துப் பார்த்தால் உயிர் இல்லை. எந்த வளைவில் போனது என்று தூக்கினவர்களுக்கும் தெரியவில்லை, கூடவே நடந்த அவளுக்கும் தெரியவில்லை.

லாரிக்காரர் கடை வாசலில் நின்று இதைச் சொன்னபோது நான் யாருடைய மிஷினுக்கோ எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். எண்ணெய் வழிந்து பலகையெல்லாம் ஓடினது கூட எனக்குத் தெரியவில்லை. முதலாளி கையைப் பிடித்து நிறுத்தினார். அன்றைக்குச் சாயந்திரம் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஈயத்தாள், திருகு, நகம், எல்லாம். எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்தினார். பிறகு, அவன் எப்படியும் தேறியிருக்க மாட்டான், வெளியே சொல்லிக்கொண்டு திரியாதே என்றார். கண்ணாடிப் பெட்டியில் இருந்த இரண்டும் அந்தத் தீபாவளிக்குள் விற்றுப்போயின.

அவன் எப்படியும் தேறியிருக்க மாட்டான். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஆறு மாதம் ஓட்டினேன். இருக்கலாம், தேறாமலே போயிருக்கலாம். ஆனால் நனையாத அறையில், கஞ்சியைக் குடித்துவிட்டு, பெண்சாதி முகத்தைப் பார்த்துக்கொண்டு போயிருப்பான். அதற்குப் பத்து நாள் தவணை போதும். நான் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் கிடைத்திருக்கும்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சந்தான். வாடிக்கையாளரின் துணியில் போட்டுப் பார்க்காமல் எழுந்திருக்காதீர்கள். லாரி போனால் போகட்டும். ஒட்டுப் போட்டால் ஒட்டுப் போட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். இந்த மூன்றும் தவறிப்போனால்கூடத் திருத்திக்கொள்ள வழி உண்டு. பழுது யாருடையது என்று நான்கு பேர் நடுவில் உங்களைக் கேட்கிறபோது, திருகில் கை வைப்பதற்கு முன்னால் வாயைத் திறந்துவிடுங்கள். முடுக்கிவிட்டால் அப்புறம் திறக்காது. எனக்குத் திறக்கவில்லை.

தை மாதம் ஒரு நாள், வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுச் சிலமலைக்குப் போனேன். விசாரித்ததில், ஊருக்குக் கிழக்கே ஒரு சம்சாரியின் கடலைக்காட்டில் களை எடுக்கப் போயிருக்கிறாள் என்றார்கள். ஏழெட்டுப் பெண்கள் வரிசையாகக் குத்தவைத்துக் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவள். தோடு இல்லாமல் காது மூளியாக இருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது, ஆனாலும் கை நிற்கவில்லை.

பக்கத்தில் போய் நின்று சொன்னேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் வரவில்லை. அக்கா, உன் கையில் குற்றம் இல்லை, திருகுதான், எனக்கு அன்றைக்கே தெரியும் என்று சொன்னேன். அழுகை வந்துவிட்டது. மற்றப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் ஒரு கோரையை வேரோடு பிடுங்கி, மண்ணைத் தட்டிவிட்டுப் பின்னால் போட்டாள். "தெரியும் தம்பி" என்றாள். "ஒம் பெருவெரல் திருகுனதை நான் பாத்தேன்."

அப்புறம் ஏன் அக்கா நீ அங்கேயே சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டேனே, அதற்கும் எனக்கு வாய் இருந்தது.

"நான் சொன்னா யாரு கேப்பா? ரூமுக்காகப் பொய் சொல்றான்னுட்டுப் போவாக. ஒன் வாயிலருந்துல்ல வரணும். நீ சொல்லிருவ, இப்பச் சொல்லிருவன்னுதான் பாத்துக்கிட்டே நின்னேன். நீ லாரில ஏறுற வரைக்கும் பாத்தேன்."

அடுத்த செடிக்கு நகர்ந்தாள். நான் அங்கேயே நின்றேன். மன்னித்தேன் என்றோ, நாசமாய்ப் போ என்றோ ஏதாவது ஒன்று வரும் என்று காத்திருந்தேன். அவள் தலையைத் தூக்காமலே பேசினாள்.

"செடிய மிதிக்காத தம்பி. வரப்புல ஏறிப் போ."

நான் வரப்பில் ஏறினேன்.